18 வயதில் எழுதும் ஜாதகம்

சைக்கிள் பந்தயம் பார்ப்பவர்கள் மத்தியில் இப்போது பிரான்ஸ் வீரர் பால் செக்சாஸ் பேச்சுதான். 2025-ல், 18 வயதில், இளைஞர்களுக்கான டூர் டி லாவெனிர் பந்தயத்தை வென்றார். 19 முடிந்த சில நாட்களில் ஐரோப்பிய சாம்பியன்ஷிப்பில், உலகின் முன்னணி வீரர்களான போகாச்சர், எவெனிபுல் இருவருக்கும் அடுத்து மூன்றாவதாக வந்தார். 1985-ல் பெர்னார் இனோ வென்றதோடு சரி, அதற்குப் பிறகு பிரான்ஸ்காரர் யாரும் டூர் டி பிரான்ஸை வென்றதில்லை. இத்தனை வருட ஏக்கத்தையும் இந்தப் பையன் தலையில் ஏற்றி வைக்கிறார்கள். எனக்குப் பயமாக இருக்கிறது.

ஆஸ்கர் ஸ்வென்ட்சென் ஞாபகம் வருகிறது. நார்வேக்காரர். 2012-ல், 18 வயதில், அவர் உடலின் ஆக்சிஜன் திறனை அளந்தார்கள். உடல் எடையில் கிலோவுக்கு, நிமிடத்துக்கு 97.5 மில்லிலிட்டர். பெரிய பந்தய வீரர்களே 80-ஐ ஒட்டித்தான் இருப்பார்கள். அதே வருடம் ஜூனியர் உலக டைம் டிரையலில் (தனித்தனியாக நேரத்தோடு போட்டியிடும் பந்தயம்) தங்கமும் வாங்கினார். எல்லோரும் ஜாதகம் எழுதி முடித்துவிட்டார்கள். 2014-ல், 20 வயதில், அவர் பந்தயத்தை விட்டு விலகிப் படிக்கப் போய்விட்டார். அது அவர் வாழ்க்கை, அவர் முடிவு. அதில் எந்தக் குறையும் இல்லை. ஆனால் அந்த 97.5-க்குள் இந்த முடிவு எங்கே எழுதியிருந்தது?

அந்த 2012 ஜூனியர் பந்தயத்தில் அவருக்குப் பக்கத்தில் வெள்ளிப் பதக்கத்தோடு நின்றவர் மாதெய் மொஹோரிச். பத்து வருடம் கழித்து, 2022-ல் இத்தாலியின் மிலான்–சான் ரெமோ பந்தயத்தில், ஓடும்போதே சீட்டைத் தாழ்த்த வசதியான கம்பியைப் பொருத்திக்கொண்டு வந்து, கடைசி மேடான போஜ்ஜோவின் இறக்கத்தில் உடலைச் சாய்த்து வளைவுகளை அறுத்துக்கொண்டு பாய்ந்தார். ஒரு வளைவில் சாலை ஓரத்துச் சாக்கடைப் பள்ளம் வரை போய்த் திரும்பினார். ஜெயித்தார். அந்தத் துணிச்சலை அளக்க எந்த ஆய்வகத்திலும் கருவி இல்லை.

ஸ்லோவேனியா வீரர் ரோக்லிச்சை எடுத்துக்கொள்ளுங்கள். 17 வயதில் அவர் பனிச்சறுக்குத் தாண்டுதலில் ஜூனியர் உலக சாம்பியன் அணியில் இருந்தார். சைக்கிளுக்கு முழுதாக வந்தது 22 வயதையொட்டி. ஸ்பெயினின் மூன்று வாரப் பந்தயமான வுவெல்டாவை நான்கு முறை வென்றார், கடைசியாக 34 வயதில். விங்கெகோர் டென்மார்க்கில் காலையில் மீன் ஆலையில் வேலை பார்த்துவிட்டுப் பயிற்சிக்குப் போனவர். பிறகு இரண்டு முறை டூர் டி பிரான்ஸை வென்றார்.

போகாச்சர் மாதிரி சின்ன வயதிலேயே தெரிந்துவிடுகிறவர்களும் உண்டு, மறுக்கவில்லை. லாவெனிர் வென்று இரண்டே வருடத்தில் டூர் வென்றார். ஆனால் 2013-ல் லாவெனிர் வென்ற ரூபன் பெர்னாண்டஸ் டூர் டி பிரான்ஸ் மாதிரியான எந்த மூன்று வாரப் பந்தயத்தையும் வென்றதில்லை.

அணிகள் இப்போது 16, 17 வயதிலேயே வாட் கணக்கை, அதாவது மிதிக்கிற சக்தியின் அளவைப் பார்த்து ஒப்பந்தம் நீட்டுகின்றன. மெதுவாக வளர்கிற பிள்ளைகள் இதில் அடிபட்டுப் போகிறார்கள். எத்தனை வாட் மிதிக்கிறான் என்று கேட்கும் முன்பு, வாரத்துக்கு எத்தனை மணி நேரம் ஓட்டி அந்த வாட் வந்தது என்று கேட்க வேண்டாமா? பத்து மணி நேரம் ஓட்டி ஐந்தாவதாக வருகிற பையனையும், இருபது மணி நேரம் ஓட்டி முதலாவதாக வருகிற பையனையும் என் முன்னால் நிறுத்தினால், நான் முதலில் பேசப்போவது அந்த ஐந்தாவது பையனிடம்தான்.