ரெண்டாவது பேட்டரிய விடுங்க, மொதல்ல ஸ்பாட்டர கவனிங்க

டாக்டிகல் வார்கேம் (சின்னச் சின்னப் படைகள நடத்துற போர் விளையாட்டு) ஆடுற நம்மாளுங்க கிட்ட நான் திரும்பத் திரும்பப் பாக்குற ஒரு பழக்கம், படை வாங்கக் கைல பாயிண்ட் இருந்தா உடனே பெரிய பீரங்கியா பாத்து வாங்குறது. 155 எம்எம் ஒரு பேட்டரி (பீரங்கித் தொகுதி), பத்தாதுன்னு 105 ஒண்ணு, ஆனா அதையெல்லாம் கூப்பிட்டு அடிக்க வைக்கப் போற ஸ்பாட்டர், அதாவது முன்னாடி இருந்து பாத்து எங்க அடிக்கணும்னு சொல்றவன், மட்டும் கிரீன் (கத்துக்குட்டி), ஏன்னா அதான் மலிவு. இத நான் ஒத்துக்கவே மாட்டேன். ரெண்டாவது பேட்டரிய தூக்கிட்டு அந்தப் பாயிண்ட ஸ்பாட்டர் மேல போடுங்கன்னுதான் சொல்லுவேன், அதுக்குக் காரணம் நெறைய பேர் சொல்ற மாதிரி ஷெல் சீக்கிரம் வரும்ங்கறது மட்டும் இல்ல.

காம்பேட் மிஷன்ங்கற கம்ப்யூட்டர் கேம் வரிசைல 2011-ல வந்த பேட்டில் ஃபார் நார்மண்டிய எடுத்துக்கலாம். அதுல ஒவ்வொரு டீமுக்கும் கான்ஸ்கிரிப்ட்ல ஆரம்பிச்சு கிரீன், ரெகுலர், வெட்டரன், கிராக், எலீட்னு ஆறு படி அனுபவம் இருக்கு. ஸ்பாட்டர் குறி வெச்சதும் ரேடியோல தகவல் போகுது, கொஞ்ச நேரம் கழிச்சு ஒண்ணு ஒண்ணா ஸ்பாட்டிங் ரவுண்ட் (குறி பாக்குறதுக்கான ஷெல்) விழுது, அத அவன் பாத்துப் பாத்துத் திருத்துறான், கிட்ட வந்ததும்தான் மொத்த பேட்டரியும் அடிக்க ஆரம்பிக்குது. அனுபவம் கொறஞ்சவனுக்கு காத்திருப்பும் ஜாஸ்தி, திருத்தமும் ஜாஸ்தி.

இப்ப ஒரு காட்சி. ஒரு பண்ணை வீட்டு மாடி ஜன்னல்ல நம்ம ஸ்பாட்டர், எதிர்ல ரோடு சந்திக்கிற எடத்துல ஒரு ஜெர்மன் பிளட்டூன் (சின்னப் படைப்பிரிவு) ஹாஃப்டிராக்ங்கற கவச வண்டில இருந்து எறங்கிட்டு இருக்கு. மொத ரவுண்ட் 150 மீட்டர் தள்ளி பழத்தோட்டத்துல விழுது. அவ்வளவுதான், எறங்குனவன் எல்லாம் குப்புறப் படுத்துட்டான், ஹாஃப்டிராக் ரிவர்ஸ்ல போகுது, எதிர்ல ஆடுறது மனுஷனா இருந்தா அடுத்த 60 செகண்ட் டர்ன்லயே எல்லாரையும் வேலிக்கு அந்தப் பக்கம் கொண்டு போயிடுவான். நம்ம ஆளு இன்னும் ரெண்டு மூணு ரவுண்ட் திருத்தி முடிச்சு மொத்த பேட்டரியும் அடிக்கிறப்ப அங்க இருக்குறது வெறும் ரோடு. அதே எடத்துல வெட்டரன் ஒருத்தன் இருந்து மொதல்லயே பக்கத்துல போட்டிருந்தா அவனுங்க எறங்கி முடிக்கிறதுக்குள்ள கத முடிஞ்சிருக்கும்.

நான் சொல்ல வர்றது இதுதான். ஆர்ட்டிலரி ஆளக் கொல்றது பெரும்பாலும் மொத சில செகண்ட்ல, ஆளுங்க நின்னுட்டு இருக்குறப்ப. படுத்துட்டாலோ குழிக்குள்ள எறங்கிட்டாலோ அதே ஷெல் பாதி வேல கூட செய்யாது. அதனால ஒவ்வொரு ஸ்பாட்டிங் ரவுண்டும் எதிரிக்கு நாமளே குடுக்குற எச்சரிக்கை. மோசமான ஸ்பாட்டர் கைல பெரிய பீரங்கி குடுத்தா பெரிய எச்சரிக்கைதான் போகும், அதுக்கு 155 எதுக்கு?

நெஜத்துலயும் இந்த வேல அப்படித்தான். மொத ஷெல் இலக்கத் தாண்டி விழுந்தா 400 மீட்டர் கொறைக்கச் சொல்லணும், அது முன்னாடி விழுந்தா 200 கூட்டணும், அப்பறம் 100, கடைசியா 50 திருத்தி மொத்தமா அடிக்கச் சொல்லணும். ஒவ்வொரு தடவையும் பீரங்கிய மறுபடி திருப்பி, சுட்டு, ஷெல் பறந்து வரணும். பைனாகுலர்ல மில் (கோணத்த அளக்குற அலகு) கோடு போட்டிருக்கும், 1000 மீட்டர் தூரத்துல 1 மில்னா அகலத்துல சுமாரா 1 மீட்டர், அத வெச்சு எடது வலது எவ்வளவுன்னு மனசுலயே கணக்குப் போடணும், அதுவும் தலைக்கு மேல குண்டு பறக்குறப்ப. நல்ல ஆளு மேப்ப சரியாப் படிச்சு மொத ரவுண்டயே கிட்டப் போட்டுட்டு இதுல பாதி படிய தாண்டிடுவான்.

பிரிட்டிஷ்காரங்க இதப் புரிஞ்சு வெச்சிருந்தாங்கன்னு அவங்க அமைப்பப் பாத்தாலே தெரியும். ரெண்டாம் உலகப் போர்ல அவங்க 25 பவுண்டர் பீரங்கி பேட்டரில சீனியர் ஆளு பீரங்கி பக்கத்துல நிக்க மாட்டாரு. மேஜர் காலாட்படை கமாண்டர் கூட இருப்பாரு, கேப்டன் முன்னாடி அப்சர்வேஷன் போஸ்ட்ல இருப்பாரு, பீரங்கிய பாத்துக்கறது அவங்களுக்குக் கீழ இருக்குற ஜூனியர் ஆஃபீசருங்க. முன்னாடி இருக்குற அந்த கேப்டன் கேக்க மாட்டாரு, ஆர்டர் போடுவாரு, அதுக்கு மேல வேணும்னா மைக் டார்கெட்னு சொன்னா ரெஜிமெண்ட்டோட 24 பீரங்கியும் அவர் சொன்ன எடத்துல அடிக்கும். அமெரிக்காவுல முன்னாடி போனது லெப்டினென்ட், பீரங்கிய எப்படித் திருப்பணும்ங்கற கணக்க பட்டாலியனோட ஃபயர் டைரக்ஷன் சென்டர் போட்டுக் குடுத்துது. வழி வேற வேறதான், ஆனா ரெண்டு பேருமே கண்ணுக்குத் தனி ஆள் வெச்சாங்க.

1944 ஆகஸ்ட்ல பிரான்ஸ்ல மோர்ட்டேன் ஊர் பக்கத்துல ஹில் 314-ல நடந்தது இதுக்கெல்லாம் பெரிய சாட்சி. அமெரிக்காவோட 30-வது டிவிஷன்ல சுமார் 700 பேர் அந்த மலைல மாட்டிக்கிட்டாங்க, சுத்தி ஜெர்மன் படை, 7-ந் தேதில இருந்து 12 வரைக்கும். அவங்களக் காப்பாத்துனதுல பெரிய பங்கு அங்க இருந்த ஆர்ட்டிலரி அப்சர்வருங்களுக்கு, அதுல லெப்டினென்ட் ராபர்ட் வைஸ் ஒருத்தர். மேல இருந்து பாத்தா சுத்துவட்டார ரோடெல்லாம் தெரியும், டேங்க் கூடுறது, ஆளுங்க சேர்றது எல்லாம் பாத்துப் பாத்து ஷெல் வரவழைச்சாங்க. ரேடியோ பேட்டரி தீரத் தீர அத வெயில்ல வெச்சு இன்னும் கொஞ்ச நேரம் ஓட்டுனாங்க. அந்த ரேடியோ செத்திருந்தா கீழ எத்தனை பீரங்கி இருந்தும் மலைல இருந்தவங்களுக்கு ஒரு பிரயோஜனமும் இருந்திருக்காது.

இன்னொண்ணையும் யாரும் கணக்குல எடுக்கறதில்ல. ஸ்பாட்டரும் மனுஷன், அவன் மேலயும் சுடுவாங்க. கிரீன் ஸ்பாட்டர் மேல மெஷின் கன் நாலு தடவ திரும்பினா போதும், தலையக் கீழ போட்டுடுவான், அப்பறம் திருத்துறது எங்க, பாக்குறதே இல்ல. வெட்டரனுக்கு நாம குடுக்குற காசுல பாதி இதுக்குத்தான், தலைய மறுபடி தூக்குறதுக்கு.

சோவியத் பக்கம் ஆடுறவங்க இங்க ஒரு நியாயமான கேள்வி கேப்பாங்க. 1944-ல பக்ராத்தியான்ங்கற சோவியத் பெருந்தாக்குதல்ல, ஜெர்மன் வரிசைய உடைக்க வேண்டிய எடத்துல ஒரு கிலோமீட்டருக்கு 150க்கும் மேல பீரங்கி நிறுத்துனாங்களே, அதுக்கு எதுக்கு ஸ்பாட்டர்னு. சரிதான், முன்கூட்டியே நேரம் குறிச்சு அடிக்கிற அடிக்கு அவன் பெருசா தேவையில்ல, காம்பேட் மிஷன் வரிசைல அந்தக் களத்துக்கு வந்த ரெட் தண்டர்லயும் செட்டப் டைம்ல (ஆட்டம் தொடங்குறதுக்கு முன்னாடி) போடுற பாம்பார்ட்மெண்ட் அப்படித்தான். ஆனா அந்த அட்டவண முடிஞ்சு உங்க ஆளுங்க ரெண்டாவது வரிசைக்குப் போனதுக்கு அப்பறம் என்ன பண்ணப் போறீங்க? டிஃபென்ஸ் ஆடுறீங்கன்னா டிஆர்பி (முன்கூட்டியே குறிச்சு வெச்ச இலக்குப் புள்ளி) வாங்கி ரெகுலர் ஸ்பாட்டர வெச்சே ஓட்டிடலாம், அங்க ஸ்பாட்டிங் ரவுண்டே வேணாம். அட்டாக்ல எதிரி எங்க இருப்பான்னே தெரியாது, அங்க நல்ல ஸ்பாட்டர் இல்லாம நான் எறங்கவே மாட்டேன்.

போர்டு கேம்ல அட்வான்ஸ்டு ஸ்க்வாட் லீடர் 1985-ல இருந்து ஆடுறாங்க, அதுல பேட்டரி கெடைக்குமா கெடைக்காதாங்கறது கருப்பு சிவப்பு சிட் (சீட்டு) குவியல்ல இருந்து எடுக்குறதுல இருக்கு, சிவப்பு வந்தா இல்லன்னு அர்த்தம். பதட்டம் நல்லா இருக்கும், ஆனா குவியல்ல எத்தன சிவப்புங்கறது கூப்பிடுறவன் எவ்வளவு கெட்டிங்கறத வெச்சு இல்ல, அது எனக்குப் பெரிய கொறையாத்தான் படுது.

காம்பேட் மிஷன் மேலயும் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. அதுல கிரீன் ஸ்பாட்டர் லேட் பண்ணுவான், தப்பா விழும், ஆனா அவன் எடத்த மாத்திப் புரிஞ்சுக்கவே மாட்டான். நாம மேல இருந்து பாத்து ஒரு வேலிய கிளிக் பண்றோம், அவனுக்கு அந்த வேலிதான்னு கரெக்டா தெரியும். நார்மண்டில எல்லா வேலியும் ஒரே மாதிரி, எல்லா வயலும் ஒரே மாதிரி, தான் எங்க நிக்கிறோம்னே மேப்ல கண்டுபுடிக்க முடியாமத் திண்டாடுன எடம் அது. கத்துக்குட்டி ஸ்பாட்டர் சில சமயம் அடுத்த வேலிக்கு ஷெல் கேக்கணும், அங்க நம்ம ஆளுங்க இருந்தா அவங்க மேலயே விழணும். அந்த பயம் இருந்தாத்தான் நம்ம ஆளுங்களுக்குப் பக்கத்துல அடிக்கச் சொல்றப்ப கை தயங்கும், மொத ரவுண்ட ஸ்மோக்கா போட்டு எங்க விழுதுன்னு பாத்துக்கற நெஜமான பழக்கமும் கேமுக்குள்ள வரும். புது டேங்க் மாடல் எல்லாம் மெதுவா வரட்டும், டெவலப்பருங்க மொதல்ல இதச் செஞ்சு குடுக்கணும்.