ஆறு கம்பிக்கு ஒரு பெடல்

(தங்கச்சிமடம், மே மாதம். மீன்பிடித் தடைக்காலம் என்பதால் விசைப்படகுகள் கரையில் கட்டிக் கிடக்கின்றன. சவரி மாமா பனைமர நிழலில் வலையைச் சரிசெய்கிறார். கேள்வி கேட்க அவருக்கு நேரம் நிறைய இருக்கிறது, பணம்தான் இல்லை. கோயில் பாட்டுக்குழுவில் கித்தார் வாசிக்கும் ஜெரோம் வருகிறான்.)

ஜெரோம்: மாமா, கித்தார் சுருதி சரியா என்று காட்டுமே, அந்த ட்யூனர் பெடல் ஒன்று வாங்க வேண்டும். கொஞ்சம் பணம் குறைகிறது.

மாமா: ஜூன் 14 வரைக்கும் என்னிடம் பணப் பேச்சே எடுக்காதே. அப்புறம் கடலுக்குப் போய், இறால் பட்டால் பார்க்கலாம்.

ஜெரோம்: அந்தோணியார் திருவிழா 13-ஆம் தேதி மாமா!

மாமா: அப்படியென்றால் அவரிடமே கேள். காணாமல் போனதைக் கண்டுபிடித்துத் தருகிறவர்தானே? உன் சுருதியையும் தேடித் தருவார்.

ஜெரோம்: கேலி வேண்டாம். இந்த உப்புக்காற்றில் கம்பி துருப்பிடிக்கிறது, புழுக்கத்தில் சுருதி இறங்குகிறது. நான் என்ன செய்வேன்?

மாமா: போனிலேயே சும்மா பார்க்கலாமாமே?

ஜெரோம்: போன் மைக்கில் கேட்கும். மேடையில் டிரம்ஸ், வெளியே பேண்டு வாத்தியம், வாணவெடி. அது வெடிச்சத்தத்துக்கும் சேர்த்துச் சுருதி காட்டும்.

மாமா: கித்தார் தலையில் ஒன்றைக் கவ்வ வைப்பாயே?

ஜெரோம்: அது மரத்தின் அதிர்வைப் படிக்கிறது. பேஸ் ஸ்பீக்கர் பக்கத்தில் நின்றால் கித்தாரே அதிரும், முள் தடுமாறும். பெடல் என்றால் கேபிளில் வருவதை மட்டும்தான் பார்க்கும்.

மாமா: சரி, ஏதோ ஒன்றை வாங்கித் தொலை.

ஜெரோம்: அதில்தானே குழப்பம்! இரண்டு பெடல் பார்த்து வைத்திருக்கிறேன். பாஸ் கம்பெனியின் டியூ-3 வெயிலில்கூடப் பளிச்சென்று தெரியும், உள்ளே பஃபரும் உண்டு. பாலிட்யூன் என்றால் ஆறு கம்பியையும் ஒரே தட்டில் தட்டலாம், எது பிசகு என்று காட்டிவிடும்.

மாமா: பஃபர் எதற்கு?

ஜெரோம்: கேபிள் நீளமானால் கீச்சுச் சத்தம் வழியிலேயே மங்கிவிடும். பஃபர் தெம்பேற்றி அனுப்பும்.

மாமா: கரையிலிருந்து கத்துவதை நடுவில் நிற்கும் படகுக்காரன் வாங்கி, அடுத்த படகுக்குக் கத்துவானே, அந்த வேலையா?

ஜெரோம்: அதேதான்! ஆனால் சத்தத்தைக் கரகரப்பாக்கும் ஃபஸ் பெடல், அதில் சில பழைய மாதிரிக்கு முன்னால் பஃபர் வந்தால் அதன் குணமே கெட்டுவிடும்.

மாமா: உன்னிடம் ஃபஸ் இருக்கிறதா?

ஜெரோம்: இல்லை. வாங்கினால்?

மாமா: முதலில் இதற்குக் காசு தேடு.

ஜெரோம்: ஸ்ட்ரோப் வகை ட்யூனர் இன்னும் நுணுக்கம் மாமா. டியூ-3 ஒரு சென்ட் வரை சரியாகச் சொல்லும். ஸ்ட்ரோப் பத்தில் ஒரு சென்ட்!

மாமா: ஒரு சென்ட் என்றால் எவ்வளவு?

ஜெரோம்: அரைச்சுரத்தை நூறாகப் பிரித்தால் அதில் ஒன்று.

மாமா: அதைக் கேட்க யாருக்கடா காது இருக்கிறது? பாட்டுக்குழுப் பெண்களே நாற்பது சென்ட் தள்ளித்தான் பாடுகிறார்கள்.

ஜெரோம்: அதில் அத்தையும் இருக்கிறார்.

மாமா: (வாசல் பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தி) நான் மற்றவர்களைச் சொன்னேன். பெடலை எங்கே வைப்பாய்?

ஜெரோம்: வரிசையில் முதலில். சத்தத்தைக் கலக்கிவிடும் ஓவர்டிரைவ் பெடலுக்குப் பின்னால் வைத்தால் கலங்கிய சத்தத்தில் அது திணறும். காலால் மிதித்தால் போதும், ஸ்பீக்கருக்குச் சத்தம் போகாது. யாருக்கும் தெரியாமல் சுருதி சேர்த்துக்கொள்ளலாம்.

மாமா: (வலையைக் கீழே வைக்கிறார்) என்ன சொன்னாய்?

ஜெரோம்: மிதித்தால் கித்தார் வெளியே கேட்காது.

மாமா: போன வருடம் ஃபாதர் மௌனமாக மன்றாடச் சொன்னபோது, மைக் செட் முழுக்க ‘டொய்ங் டொய்ங்’ என்று கேட்டதே, அது வராதா?

ஜெரோம்: வரவே வராது.

மாமா: எவ்வளவு நேரம் வராது?

ஜெரோம்: திரும்ப மிதிக்கும் வரை.

மாமா: மடையா, இதை முதலிலேயே சொல்வதற்கு என்ன? சுருதி, சென்ட் என்று சுற்றி வளைக்கிறாய். எவ்வளவு குறைகிறது?

ஜெரோம்: இரண்டாயிரம்.

மாமா: வட்டிக்கு வாங்கியாவது தருகிறேன். ஆனால் திருவிழா அன்று மேடையில் உன் பக்கத்தில் எனக்கு ஒரு நாற்காலி போடு. மிதிக்கிற வேலை என் காலுக்கு.