ஸ்கூல்ல இருந்து போன் வந்தாலே ஏன் பயப்படணும்?

2024 பிப்ரவரி 8 ஞாபகம் இருக்கா? சென்னையில நிறைய பிரைவேட் ஸ்கூலுக்கு வெடிகுண்டு மிரட்டல் ஈமெயில் வந்துச்சு, அண்ணா நகர், கோபாலபுரம்னு டிவில ஓட ஓட பேரன்ட்ஸ் எல்லாம் வேலைய அப்படியே போட்டுட்டு ஸ்கூலுக்கு ஓடுனாங்க. புரளின்னு அப்புறம் தெரிஞ்சுது. எங்க ஏரியா ஸ்கூலுக்கு அந்த மெயிலே வரல, ஆனா அங்கயும் கேட்ல கூட்டம். ஸ்கூல் குரூப்ல "பிள்ளைங்க பத்திரமா இருக்காங்க"ன்னு மெசேஜ் போட்டும் யாரும் நம்பல. எப்படி நம்புவாங்க? வருஷம் பூரா அந்த குரூப்ல ஃபீஸ் கடைசி தேதியும் மழை லீவும் தவிர வேற எதுவும் வந்ததில்ல, அதுவும் அட்மின் மட்டும்தான் மெசேஜ் போட முடியும், நாம ஒரு சந்தேகம் கூட கேட்க முடியாது.

பேரன்ட்ஸ் மீட்டிங்கும் அதே கதைதான். பசங்க உக்கார்ற பெஞ்சுல முழங்கால் இடிக்க இடிக்க வெயிட் பண்ணா, நம்ம முறை வரும்போது மார்க் ஷீட்ட நீட்டி "மேத்ஸ்ல கவனம் போதல, இங்க சைன் பண்ணுங்க", அவ்ளோதான். பின்னாடி இன்னும் இருபது பேர் நிக்கும்போது டீச்சரும்தான் என்ன பண்ணுவாங்க. ஆனா 2009 கல்வி உரிமைச் சட்டத்துல 24வது பிரிவுலயே இருக்கு, டீச்சர் பெற்றோர ரெகுலரா சந்திச்சு பிள்ளையோட வருகை, கத்துக்கிற திறன், முன்னேற்றம் எல்லாத்தையும் சொல்லணும்னு. அரசுப் பள்ளில மேலாண்மைக் குழுல முக்கால்வாசி பேர் பெற்றோரா இருக்கணும்னும் அதே சட்டம் சொல்லுது, சுயநிதி பிரைவேட் ஸ்கூலுக்கு அது கட்டாயமில்ல. லட்சக்கணக்குல ஃபீஸ் கட்டுற இடத்துல நமக்கு பேச ஒரு நாற்காலி கூட இல்லங்க.

என் பையன் ரெண்டாவது படிக்கும்போது அவன் மிஸ் டைரில ஒரு நாள் "இன்னைக்கு அவனாவே கை தூக்கி பதில் சொன்னான்"னு எழுதி விட்டாங்க. கிளாஸ்ல வாயே திறக்காத பையன் அவன். அந்த ஒரு வரிக்கப்புறம் அந்த மிஸ் அவனப் பத்தி என்ன குறை சொன்னாலும் எனக்கு கோவமே வந்ததில்ல, இவங்க நம்ம புள்ளைய கவனிக்கிறாங்கன்னு தெரிஞ்சு போச்சு.

நம்ம பக்கமும் தப்பு இருக்கு. டீச்சர்கிட்ட நேரா கேட்க வேண்டியத பேரன்ட்ஸ் மட்டும் இருக்குற தனி குரூப்ல போட்டு, ராத்திரி பதினோரு மணி வரைக்கும் ஊதிப் பெருசாக்கி, காலையில பத்து பேரா போய் பிரின்சிபல் ரூம்ல நிக்கிறோம். அப்புறம் எந்த டீச்சர் நம்மகிட்ட மனசு விட்டு பேசுவாங்க?

ஸ்கூல்காரங்ககிட்ட நான் கேக்குறது ஒண்ணுதான். குரூப்ப திறந்து விட முடியலன்னா பரவால்ல, வாரத்துல ஒரு நாள் சாயங்காலம் அரை மணி நேரம் கிளாஸ் டீச்சர் போன்ல கிடைப்பாங்கன்னு சொல்லுங்க, அத அவங்க வேலை நேரத்துலயே சேருங்க. மத்த நேரத்துல அவங்கள தொந்தரவு பண்ணாம நாங்க பாத்துக்குறோம்.