பாக்கெட்டில் இருந்த கடிதம்

போன வாரம் ஒரு கூட்டத்தில் பேசி முடித்து இறங்கியதும் கல்லூரி மாணவி ஒருத்தி வந்து, "மேடம், எழுத வரலைன்னா இன்ஸ்பிரேஷனுக்கு எங்க போவீங்க?" என்று கேட்டாள். பீச்சுக்குப் போவேன், பழைய பாட்டு கேட்பேன் என்று வாய்க்கு வந்ததைச் சொல்லி அனுப்பிவிட்டேன். ரெண்டும் பொய். பீச்சுக்குப் போனால் நான் சுண்டல் தின்பேன், அவ்வளவுதான். திருமயிலையில் பறக்கும் ரயில் ஏறி உட்கார்ந்த பிறகு உறுத்த ஆரம்பித்தது. அந்தப் பெண் கண்ணில் படட்டும் என்று உண்மையான பதிலை இங்கே எழுதுகிறேன்.

ரெண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு கதை என்னிடம் ஏழு மாதம் மக்கர் பண்ணியது. மயிலாப்பூர்த் தெரு ஒன்றில் இஸ்திரி வண்டி வைத்திருப்பவர்தான் கதாநாயகன். எதிர் அபார்ட்மெண்டில் ஒரு குடும்பம். அந்தக் குடும்பத்தின் ரகசியம் இவருக்குத் தெரியவருகிறது. எப்படி? சட்டைப் பாக்கெட்டில் ஒரு கடிதம் கிடைக்கிறது. முதல் மூன்று பக்கம் கடகடவென்று வந்தது. கடிதத்தை அவர் பிரிக்கிற இடத்தில், நாலாம் பக்கத்தில், கதை நின்றுவிட்டது.

என்னென்னவோ செய்து பார்த்தேன். புது நோட்டு வாங்கினேன். லேப்டாப்பை விட்டுவிட்டுப் பேனாவுக்கு மாறினேன். ஆபீஸில் மூன்று நாள் லீவு போட்டு ஏலகிரியில் ரூம் எடுத்துத் தங்கினேன். மலை, மேகம், நிசப்தம் எல்லாம் இருந்தது. எழுதியது ஒன்பது வரி. அதிலும் ஆறு வரி மேகத்தைப் பற்றி. மயிலாப்பூர் இஸ்திரி வண்டிக்கும் ஏலகிரி மேகத்துக்கும் என்ன சம்பந்தம்?

அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. கல்யாணத்துக்குக் கிளம்ப வேண்டும், புடவை அவசரமாக வேண்டும். தெருமுனை வண்டியில் கொடுத்துவிட்டு அங்கேயே நின்றேன். அவர் மக்கிலிருந்து கையால் தண்ணீர் தெளித்து, பெட்டியை ஒரு குலுக்குக் குலுக்கிச் சாம்பலை உதிர்த்துவிட்டு வேலையை ஆரம்பித்தார். வண்டிக்குக் கீழே வீட்டுக்கு ஒன்றாக மூட்டைகள், அந்தந்த வீட்டுப் பழைய பெட்ஷீட்டிலேயே கட்டியவை. பேச்சுவாக்கில் கேட்டேன்: "ஏண்ணே, சட்டை பாக்கெட்ல லெட்டர் கிட்டர் ஏதாவது கிடைக்குமா?"

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "துவைச்சுதானேக்கா எங்ககிட்ட வருது. லெட்டர் இருந்தா கூழாயிருக்காது?"

ஏழு மாதம்! வீட்டில் வாரத்துக்கு நாலு தடவை துணி துவைக்கிறவள் நான். என் வீட்டுக்காரர் பாக்கெட்டிலிருந்து பஸ் டிக்கெட் கூழைச் சுரண்டி எடுத்துத் திட்டாத மாதம் கிடையாது. ஆனாலும் எழுத உட்கார்ந்தால் சினிமாவில் வருகிற கடிதம்தான் வந்திருக்கிறது. என் கதை அந்தப் பொய்யை விழுங்க மாட்டேன் என்று வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்க, நானோ எனக்குள் ஊற்று வற்றிவிட்டது என்று ஊரெல்லாம் புலம்பிக்கொண்டிருந்தேன்.

அவர் விடவில்லை. "லெட்டர் எதுக்குக்கா? உருப்படி எண்ணும்போதே தெரிஞ்சிடும். அதோ அந்த வூட்ல வெள்ளைச் சட்டை வர்றது நின்னு ரெண்டு மாசம் ஆவுது. ரிட்டையர் ஆயிட்டாருன்னு யாரும் வந்து சொல்லல." புடவைத் தலைப்பைத் திருப்பிப் போட்டபடி, இன்னொரு மூட்டையைக் காலால் தொட்டுக் காட்டினார். "இந்த வூட்ல இருந்து இப்பல்லாம் பொம்பளைத் துணி மட்டுந்தான் வருது." மேற்கொண்டு ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

கல்யாணத்தில் என்ன சாப்பிட்டேன் என்று நினைவில்லை. கடிதத்தைக் கிழித்தெறிந்துவிட்டு, வராத சட்டைகளை வைத்து மூன்று இரவில் கதையை முடித்தேன்.

எழுத வராமல் முடங்கிப்போவதற்கு ரைட்டர்ஸ் பிளாக் என்ற பெயரை 1940-களில் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் எட்மண்ட் பெர்க்லர் என்கிறார்கள். வியன்னாவிலிருந்து நியூயார்க் போன உளப்பகுப்பாய்வாளர். காரணத்தைத் தேடித் தேடிக் குழந்தைக்குக் கிடைக்காத தாய்ப்பால் வரைக்கும் போய்விட்டார். என் அம்மா மேல் பழி போட எனக்கு மனமில்லை. என் விஷயத்தில் அனேகமாக ஒவ்வொரு தடவையும் பழி ரெண்டு பக்கம் முன்னால் இருக்கிறது. கதாபாத்திரத்தின் பிழைப்பு தெரியாமல் அங்கே ஏதோ பூசி மெழுகியிருப்பேன்.

புதுமைப்பித்தனின் 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' சிறுகதை எப்படித் தொடங்குகிறது என்று பாருங்கள். சென்னையில் பிராட்வேயும் எஸ்பிளனேடும் சேருகிற முனையில் பிள்ளை நின்றுகொண்டு டிராமில் போனால் எவ்வளவு மிஞ்சும், பஸ்ஸில் போனால் என்ன ஆகும் என்று காலணாக் கணக்குப் போடுகிறார். கடவுள் அதற்கப்புறம்தான் வருகிறார். அந்தச் சில்லறைக் கணக்கு சரியாக இருப்பதால்தான், திருவல்லிக்கேணிக்கு வழி கேட்கிற கடவுளை நாம் மறுபேச்சில்லாமல் நம்புகிறோம். பிராட்வேயில் இன்றைக்கு டிராம் இல்லை. அந்த முனையில் நின்று கணக்குப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள், போய்ப் பாருங்கள்.

இதை எல்லோருக்கும் பொருத்திவிடாதீர்கள். வீட்டில் சாவு, வேலை போனது, உடம்புக்கு முடியாமல் கிடந்தது என்று எழுத முடியாமல் போனவர்களிடம் இஸ்திரி வண்டிக்குப் போங்கள் என்று சொல்வது அயோக்கியத்தனம். எழுதாமல் இருப்பதே ஒரு நோய் என்றும் நான் நினைக்கவில்லை. சிறுகதை எழுத்தாளர் மௌனி மொத்தமே இருபத்துச் சொச்சம் கதைதான் எழுதினார். சுந்தர ராமசாமி 1960-களின் கடைசியில் தொடங்கிச் சில வருடங்கள் எழுதாமலே இருந்தார், அவருடைய 'ஜே.ஜே: சில குறிப்புகள்' நாவல் வந்தது 1981-இல். யாரும் அவர்களுக்கு மோட்டிவேஷன் வகுப்பு எடுக்கவில்லை. (இப்போது எடுக்கிறார்கள். ஞாயிறு மாலை, ஜூமில், கட்டணத்தோடு.)

சரி, என் இப்போதைய நிலவரம். புதுக் கதை ஒன்று ஆறாம் பக்கத்தில் நிற்கிறது. கபாலீஸ்வரர் கோயில் பக்கம் பூ விற்கிற அம்மா. ராத்திரி ஒன்பதரைக்குக் கூடையில் பாதி மல்லி மீந்திருக்கிறது. அதை என்ன செய்கிறாள் என்று எழுதினால் கதை நகரும். ஈரத்துணி போட்டு மூடி நாளைக்கு வைப்பாளா, பாதி விலைக்குத் தள்ளிவிடுவாளா, கோயிலில் கொடுத்துவிடுவாளா? ராத்திரிக்கு ராத்திரி முழம் போடுகிற கை கொஞ்சம் நீளுமா? மூன்று நாளாக இதையெல்லாம் மேஜையில் உட்கார்ந்தே ஊகித்துக்கொண்டிருக்கிறேன், வெட்கமாக இருக்கிறது. இன்றைக்கு எட்டரைக்குக் கிளம்பிவிடுவேன். வீட்டில் தோசை மாவு இருக்கிறது, அவரே ஊற்றிக்கொள்வார்.