முக்காடும் ஜேபியும்

போன வாரம் ரங்கூனில் என் தையல் கடைக்கு உறவுமுறையில் பெரியம்மா ஒருவர் பதினேழு வயதுப் பேத்தியுடன் வந்தார். துபாயிலிருந்து யாரோ கொடுத்தனுப்பிய கறுப்பு அபாயா அங்கியின் நீளத்தைக் குறைக்க வேண்டுமாம். "இனிமேலாவது இவள் முஸ்லிம் பெண்ணாகத் தெரியட்டும்மா" என்றார். நான் பிள்ளையைப் பார்த்தேன். மணிக்கட்டு வரை கை வைத்த சட்டை, கணுக்காலைத் தொடும் தமெய்ன் என்ற பர்மியப் பெண்களின் கைலி, தாடைக்குக் கீழே ஊசி குத்திய முக்காடு, கன்னத்தில் தனகா மரப்பட்டைச் சாந்து. பெரியம்மா இதில் என்ன குறை கண்டார் என்று எனக்கு விளங்கவில்லை. வாடிக்கையாளரிடம் வாதம் செய்தால் கடை நடக்காது. அதனால் இங்கே எழுதுகிறேன்.

உடை பற்றிப் பேசும் எவரும் குர்ஆனின் அந்நூர் அத்தியாயத்தின் 31ஆவது வசனத்தைத்தான் எடுப்பார்கள். அதற்கு முந்தைய 30ஆவது வசனம் ஆண்களை அழைத்துப் பார்வையைத் தாழ்த்தச் சொல்கிறது. ஆணுக்கும் மறைக்க வேண்டிய எல்லை உண்டு. பெரும்பாலான மார்க்க அறிஞர்கள் சொல்வது தொப்புளிலிருந்து முழங்கால் வரை. மாலையானால் எங்கள் தெருவில் கைலியைத் தொடை வரை வரிந்து கட்டிக்கொண்டு நம் வீட்டுப் பையன்கள் சின்லோன் என்ற பிரம்புப் பந்தாட்டம் ஆடுகிறார்கள். எந்தப் பெரியவரும் அவர்களை நிறுத்தி அளவு பார்த்ததாக நான் கேள்விப்படவில்லை.

சரி, 31க்கு வருகிறேன். முக்காடுகளைத் தங்கள் 'ஜுயூப்' மேல் போட்டுக்கொள்ளும்படி அது பெண்களுக்குச் சொல்கிறது. அதன் ஒருமை 'ஜைப்', சட்டையின் கழுத்துத் திறப்பு. தையல்காரிக்கு இதை விளக்கவே வேண்டாம். அன்றைய அரபுப் பெண்கள் தலைத்துணியின் முனைகளை முதுகுப் பக்கம் தொங்கவிட்டதால் கழுத்தும் மார்பும் திறந்திருந்தன என்றும், அதை முன்னால் இழுத்து மூடச் சொன்னதே இந்த வசனம் என்றும் பழைய விரிவுரையாளர்கள் எழுதியிருக்கிறார்கள். ஹிஜாப் என்ற சொல் குர்ஆனில் ஏழு இடங்களில் வருகிறது. ஓரிடத்திலும் அது தலைத்துணி அல்ல. திரை, தடுப்பு என்ற பொருளில்தான் வருகிறது. இதற்காக முக்காடே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, நானும் போடுகிறவள்தான். முகத்தை மூடுவதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு; ஆனால் ஹஜ், உம்ரா யாத்திரைக்கான இஹ்ராம் நிலையில் இருக்கும் பெண் நிகாப் என்ற முகத்திரை அணியக் கூடாது என்று புகாரி ஹதீஸ் தொகுப்பிலேயே இருக்கிறது. கறுப்பு நிறத்தைக் கட்டாயமாக்கும் வசனம் எதுவும் இல்லை. தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து கப்பலேறி வந்த என் நன்னி (பாட்டி) போர்த்தியிருந்தது வெள்ளைத் துப்பட்டி.

எனக்குத் தொண்டையில் சிக்குவது அல்அஹ்ஸாப் அத்தியாயத்தின் 59ஆவது வசனம். பெண்கள் 'அறியப்பட்டு, தொல்லைக்கு ஆளாகாமல் இருக்க' மேலாடையைத் தாழ்த்திக்கொள்ளச் சொல்கிறது அது. 2013 மார்ச்சில் நடு பர்மாவின் மெய்த்திலா நகரில் முஸ்லிம்களுக்கு எதிராகக் கலவரம் மூண்டு பள்ளிவாசல்களும் வீடுகளும் எரிந்தன. அந்த நாட்களில் இங்கே ரங்கூனில் அம்மா பஸ் ஏறும் முன் முக்காட்டைக் கழற்றி, நான்காக மடித்து, மீன் கூடையின் அடியில் வைப்பார். திரும்பி வந்ததும் மாடிப்படியின் இருட்டிலேயே எடுத்துப் போட்டுக்கொள்வார். இரண்டு முறை துவைத்தும் அந்தத் துணியில் மீன் வாடை போகவில்லை. அறியப்படுவதே ஆபத்தாகிவிட்ட ஊரில் அந்த வசனத்தை அம்மா தன் உடம்பால் படித்தார். உறவுக்காரர் ஒருவர் அதை ஈமான் (இறைநம்பிக்கை) குறைவு என்றார். அவர் பஸ்ஸில் போகிறவர் அல்லர்.

2015இல் மபத்தா என்ற பௌத்த தேசியவாத அமைப்பின் பிக்குகள் பள்ளிகளில் முக்காட்டைத் தடை செய்யக் கோரினார்கள். அவர்களுக்கு அந்தத் துணி அதிகம், பெரியம்மாவுக்கு அது போதவில்லை. இரு தரப்பும் அளவு நாடாவைப் பிடித்திருக்கிறார்கள், நடுவில் நிற்கும் பிள்ளையிடம் எவரும் எதையும் கேட்பதில்லை.

நான் கேட்டேன். கீழ் ஓரத்துக்குக் குண்டூசி குத்திக்கொண்டே, "உனக்குப் பிடித்திருக்கிறதா?" என்றேன். பெரியம்மா இருந்த பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, "பிடித்துத்தான் இருக்கிறது, மாமி. ஆனால் இதில் ஒரு ஜேபி வைத்துத் தருவீர்களா? போன் வைக்க இடமே இல்லை" என்றாள்.

ஜேபி! அதே ஜைப்தான், அரபியிலிருந்து உருது வழியாக நம் வாய்க்கு வந்த சொல். வலப்பக்கத் தையலைப் பிரித்து ஆழமாகவே ஒன்று வைத்துக் கொடுத்தேன். அதற்குக் கூலி வாங்கவில்லை.