பிள்ளை குறைந்தால் பள்ளியை மூடுவதா?

பத்துப் பதினைந்து பேர் மட்டும் படிக்கிற தொடக்கப் பள்ளிகளைப் பக்கத்து ஊர்ப் பள்ளியோடு இணைத்தால் செலவு மிச்சம் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. சரி, ஆனால் அது பாதிக் கணக்குதான். நெல்லை மாவட்டத்து நாங்குநேரி, ராதாபுரம் பக்கம் ஊருக்கும் ஊருக்கும் நடுவே உடைமரக் காடும் வெயிலும்தான். ஆறு வயதுப் பிள்ளை அதில் எப்படி நடக்கும்? 1 கிலோமீட்டருக்குள் தொடக்கப் பள்ளி வேண்டும் என்று கல்வி உரிமைச் சட்ட விதிகளே சொல்கின்றன.

பிள்ளைகள் ஏன் குறைகிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். பிறப்பு குறைந்தது ஒரு காரணம். இன்னொன்று, மூன்றரை வயதிலேயே எல்கேஜிக்கு மெட்ரிக் பள்ளி வேன் வாசலுக்கு வந்துவிடுகிறது. போன பிள்ளை ஒன்றாம் வகுப்புக்கு ஊர்ப் பள்ளிக்குத் திரும்புவதில்லை. அதே சட்டப்படி தனியார் பள்ளிகளில் ஏழை, நலிந்த பிரிவுப் பிள்ளைகளுக்கு ஒதுக்கும் 25 சதவீத இடங்களுக்கு அரசே அந்தப் பள்ளிகளுக்குப் பணமும் கட்டுகிறது.

1956-ல் அன்றைய நெல்லை மாவட்டத்து எட்டயபுரத்தில் காமராஜர் மதிய உணவைத் தொடங்கியபோதும் பணம் இல்லை என்றுதான் சொன்னார்கள். மூடுவதைப் பற்றிப் பேசும் முன் ஒவ்வொரு தொடக்கப் பள்ளியிலும் எல்கேஜி தொடங்கி, அதற்கென்று ஓர் ஆசிரியரைப் போடுங்கள். இணைத்தே தீர வேண்டிய இடத்தில் முதலில் வேன் விடுங்கள், அப்புறம் பூட்டுப் போடுங்கள்.