ஸ்பிளெண்டருக்குப் பட்டன் டயர் போடலாம், ஆனால் எந்த சைஸ்?

தோப்பு, குவாரி ரோடு, மலையடிவாரம் என்று ஓடுகிற ஸ்பிளெண்டர், பேஷன் வண்டிகளில் பின்னால் 100/90-18 பட்டன் டயர் (ரப்பர் முண்டு முண்டாகத் துருத்தி நிற்கும் டயர்) மாட்டுவது பரவலாகிவிட்டது. இதில் 100 என்பது மி.மீ. கணக்கில் அகலம், 90 என்பது அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் உயரம், 18 என்பது அங்குலத்தில் ரிம்மின் விட்டம். பார்க்கக் கம்பீரமாகத்தான் இருக்கிறது. ஆனால் மண் ரோட்டில் பிடி கொடுப்பது பட்டன். அகலத்துக்கு அதில் பங்கு குறைவு. 97.2 சிசி, சுமார் 8 குதிரைத்திறன், 112 கிலோ உள்ள வண்டிக்குப் பட்டன் டயரைத் தாராளமாகப் போடுங்கள். அகலத்தில் மட்டும் ஒரு சைஸுக்கு மேல் ஏறாதீர்கள். ஹிமாலயன் 411, எக்ஸ்பல்ஸ் 200 இரண்டுமே காட்டுப் பாதைக்கென்றே செய்தவை. இரண்டுக்கும் முன்னால் இருப்பது 90/90-21தான்.

டயர் வாங்குமுன் ரிம்மில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். ஸ்பிளெண்டர் ரிம் 18 x 1.60. அதாவது உள் அகலம் 1.60 அங்குலம், 40 மி.மீ. சொச்சம். இதில் 2.75-18 (இந்த வகையில் அகலம் அங்குலத்தில்), 80/100-18 சரியாக உட்காரும். 3.00-18 வரை போகலாம். 90/90-18க்குக் குறைந்தது 1.85 ரிம் வேண்டும், 100/90-18க்கு 2.15. பஞ்சர் கடையில் "ஏறிடும் சார்" என்பார்கள். ஏறும், அது உண்மைதான். ஏறிய பிறகு நடப்பதுதான் சிக்கல். குறுகலான ரிம் இரண்டு பக்கச் சுவரையும் உள்ளே இழுக்கும், டயரின் நடு முதுகு உருண்டு மேலே வரும். 100 மி.மீ. டயருக்குக் காசு கொடுத்திருப்பீர்கள், நேராகப் போகும்போது தரையில் படுவதோ நடு வரிசைப் பட்டன் மட்டும். அந்த வரிசை சீக்கிரம் தேயும், ஓரத்துப் பட்டன் புதிதாகவே இருக்கும். வளைவில் சாய்க்கும்போது பக்கச் சுவர் நெளிவதால் பின்பக்கம் மிதப்பது போலத் தெரியும். காற்று குறைந்த நேரத்தில் பக்கவாட்டு அழுத்தம் வந்தால் பீடு (ரிம்மில் பதியும் டயரின் உள் விளிம்பு) ரிம்மை விட்டு நழுவவும் வாய்ப்புண்டு.

கம்பி வீல் இருந்தால் வழி இருக்கிறது. அதே ஹப்பை (வீலின் நடுக் குடத்தை) வைத்துக்கொண்டு 36 ஓட்டை 1.85 x 18 ரிம் கோர்க்கலாம். ரிம்மின் ஆழம் மாறினால் கம்பியின் நீளமும் மாறும், அதனால் பழைய கம்பியையே போட்டுச் சமாளிக்க விடாதீர்கள். கோட்டம் எடுத்தபின் வீலைச் சுற்றிப் பார்த்தால் பக்கவாட்டிலும் மேல்கீழாகவும் 2 மி.மீ.க்கு மேல் ஆட்டம் இருக்கக் கூடாது. 150 கிலோமீட்டர் ஓடியதும் கம்பி இறுக்கத்தை மறுபடி பார்க்க வேண்டும். அலாய் வீலில் இந்த வேலைக்கே இடமில்லை. அதற்கு 3.00-18தான் எல்லை.

இடது பக்கம் செயின் கவரின் உள்சுவர், வலது பக்கம் பிரேக் ராடும் டார்க் ராடும் (பிரேக் தட்டு சுழலாமல் பிடிக்கும் கம்பி), முன்னே ஸ்விங் ஆர்மின் (பின் வீலைத் தாங்கும் கையின்) குறுக்குக் குழாய், மேலே மட்கார்டு. இந்த நான்கு இடத்திலும் பட்டன் முனையிலிருந்து 10 மி.மீ. இடைவெளியாவது வேண்டும். வண்டியை சென்டர் ஸ்டாண்டில் வைத்து வீலைச் சுற்றிப் பார்த்து "இடிக்கல" என்று முடித்துவிடுகிறார்கள். அது பாதிச் சோதனைதான். இரண்டு பேர் ஏறி உட்கார்ந்து ஷாக் அப்சார்பரை அமுக்கும்போது மட்கார்டில் எவ்வளவு இடம் மிச்சம் என்று பார்க்க வேண்டும். மட்கார்டுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் போல்ட் முனையும் வயரும் கண்ணில் படாது, கையை விட்டுத் தடவிப் பாருங்கள். செயின் புதிதாக இருக்கும்போது வீல் முன்னே தள்ளி நிற்கும், குறுக்குக் குழாய்க்கு மிக நெருக்கம் அப்போதுதான். செயின் தேயத் தேய வீல் பின்னே போகும். அதனால் பழைய செயினோடு அளந்து பார்த்து நிம்மதியடைய வேண்டாம்.

இடம் போதவில்லை என்று செயின் கவரைக் கழற்றி வீசுவதை நான் ஒருபோதும் ஏற்கமாட்டேன். புழுதியிலும் சேற்றிலும் ஓடுகிற வண்டிக்கு முழு செயின் கவரைவிடப் பெரிய பாதுகாப்பு கிடையாது. மணல் கலந்த கிரீஸ் செயினையும் பல் சக்கரத்தையும் அரம் போல அறுத்துவிடும். கவரைக் கழற்றினால்தான் டயர் போகும் என்றால் அந்த டயர் அந்த வண்டிக்கு உரியதில்லை.

கரிசல் மண்ணில் அகல டயர் படுகிற பாடு தனி. மழைக்குப் பிறகு கரிசல் ஒட்டிக்கொண்டே வரும். மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவே அடைத்து வீலைச் சுற்ற விடாது. முன் வீலில் இப்படி அடைத்தால் ஆள் விழுவது நிச்சயம். ஒல்லியான டயர் மேல் சேற்றைக் கிழித்துக்கொண்டு அடியில் உள்ள கெட்டித் தரையைத் தொடும். பட்டன்களுக்கு நடுவே இடைவெளி அதிகமுள்ள மாடல்தான் சுற்றும்போது மண்ணை உதறித் தள்ளும், அதனால் நெருக்கமான பட்டன் கரிசலுக்கு ஆகாது. செம்மண், சரளை, கல் பாதை என்றால் நெருக்கமான கட்டை பட்டன் போதும், அது தார் ரோட்டிலும் கொஞ்சம் நன்றாக உழைக்கும். ஆற்று மணலில் மட்டும் அகலம் உதவுகிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். அங்கேயும் காற்றை 4 முதல் 6 பிஎஸ்ஐ இறக்கினால் 3.00-18 டயரே பெரும்பாலும் தாண்டிவிடும். தார் ரோடு ஏறியதும் திரும்ப நிரப்பிவிட வேண்டும்.

காற்றை 18 பிஎஸ்ஐக்குக் கீழே கொண்டுபோகாதீர்கள். டியூப் டயரில் காற்று குறைந்தால் டயர் ரிம்மின் மேல் வழுக்கித் திரும்பும், கூடவே டியூபும் திரும்பும், வால்வு சாய்ந்து அடியோடு கிழியும். வால்வின் நட்டை ரிம்மோடு இறுக்கி வைக்காமல் மேலே தளர்வாக விட்டுவையுங்கள். வால்வு சாய ஆரம்பித்தால் உடனே கண்ணுக்குத் தெரியும், டியூப் கிழிவதற்குள் சரி செய்துகொள்ளலாம். டயர் மாறினால் டியூபும் அந்தச் சைஸுக்கு மாற வேண்டும். பழைய 2.75 டியூபைப் பெரிய டயருக்குள் ஊதினால் ரப்பர் மெலிந்து சின்ன முள்ளுக்கே போய்விடும். ரிம் டேப்பையும் புதிதாகப் போடுங்கள், உள்ளே கொஞ்சம் டால்கம் பவுடர் தூவுங்கள், பீடில் சோப்புத் தண்ணீர் தடவி ஏற்றுங்கள். காற்று அடித்ததும் ரிம்மை ஒட்டி டயரில் ஓடும் மெல்லிய கோடு சுற்றிலும் ஒரே உயரத்தில் தெரிகிறதா பாருங்கள். ஒரு இடத்தில் உள்ளே போயிருந்தால் காற்றை இறக்கி மறுபடி அடிக்க வேண்டும். பக்கவாட்டில் உள்ள அம்புக்குறி வண்டி போகும் திசையில் இருக்கட்டும்.

விட்டத்துக்கு வருவோம். கணக்குக்கு 80/100-18 டயர் 617 மி.மீ., 100/90-18 டயர் 637 மி.மீ. (கம்பெனிக்குக் கம்பெனி சில மில்லிமீட்டர் மாறும்). 3 சதவீதம்தானே என்று தோன்றும். பின் பல் சக்கரம் 44 பல் என்றால், அதை 43க்கும் கீழே குறைத்ததற்குச் சமம் இது. மேட்டில் கியர் குறைக்க வேண்டிய நேரம் முன்னதாக வரும், கிளட்ச் அதிகம் உழைக்கும். மலைப்பாதை வண்டிக்கு இது நேர் எதிரான மாற்றம். பின்பக்கம் 10 மி.மீ. உயர்வதால் சைடு ஸ்டாண்டில் வண்டி கூடுதலாகச் சாயும். சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தினால் பின் வீல் தரையைத் தொடலாம், பஞ்சருக்கு வீலைக் கழற்றும்போது அவஸ்தை. ஸ்பிளெண்டரில் ஸ்பீடோமீட்டர் ஓடுவது முன் வீலில் இருந்து. எனவே பின் டயர் மாறினால் அது மாறாது, முன் டயர் பெரிதானால் மட்டும் கிலோமீட்டர் குறைவாகக் காட்டும். மைலேஜ் குறைந்துவிட்டது என்று புலம்புவதற்கு முன் இதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

எடை தாங்கும் எண்ணும் முக்கியம். பின் டயரில் 54P என்றிருந்தால் 212 கிலோ வரை, மணிக்கு 150 கி.மீ. வரை என்று பொருள். 47 என்றால் 175 கிலோதான். பால் கேன், உர மூட்டை ஏற்றுகிறவர்கள் பட்டனின் அழகைப் பார்த்து எண் குறைந்த டயரை வாங்கிவிடாதீர்கள். நான்கு இலக்கத் தேதியையும் பாருங்கள்: 1824 என்றால் 2024-ஆம் ஆண்டின் 18-ஆவது வாரம் தயாரித்தது.

என் தேர்வு இதுதான். பின்னால் 3.00-18 பட்டன், முன்னால் கம்பெனி சைஸிலேயே கட்டை பட்டன். பின்னால் மட்டும் பட்டன் போட்டு முன்னால் தேய்ந்த ரோடு டயரை விட்டுவைக்காதீர்கள், மண்ணில் முதலில் வழுக்கித் தள்ளுவது முன் வீல்தான். 90/90-18 வேண்டுமென்றால் 1.85 ரிம்மோடு மட்டும். கம்பெனி அளவை விட்டு விலகினால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு (வண்டியை மாற்றியமைப்பது பற்றியது), இன்சூரன்ஸ் கேள்விகள் இரண்டும் வரக்கூடும் என்பதையும் தெரிந்துகொண்டு செய்யுங்கள்.

மாட்டியதும் செயின் தொய்வை 20 முதல் 30 மி.மீ.க்குள் வைத்து, ஸ்விங் ஆர்மின் இரண்டு பக்கக் கோடும் ஒத்துப்போகிறதா பார்த்து, அதன்பின் பின் பிரேக்கைச் சரிசெய்யுங்கள். முதல் 100 கிலோமீட்டருக்குச் சாய்த்து ஓட்ட வேண்டாம், புது ரப்பரின் மேல் வழவழப்பு போக வேண்டும். நனைந்த தார் ரோட்டிலும், ரோட்டில் போட்ட வெள்ளைக் கோட்டின் மேலும் பட்டன் டயர் பிரேக்குக்கு நிற்கும் தூரம் எப்போதுமே அதிகம். முன்னே போகும் வண்டிக்கு விடும் இடைவெளியை மழை நாளில் இரட்டிப்பாக்கிக்கொள்ளுங்கள்.